வேலைக்காரன் வேஷம்: அன்ரனிதாசன் யேசுதாசனின் நடிப்பு வாழ்வை முன்வைத்து

எட்டியாந்தோட்டைக்கும் தெரணியகலைக்கும் இடைப்பட்ட ஒரு முஸ்லிம் பாடசாலையில் நான் தமிழ் படிப்பிக்கிறேன். சுற்றிவர இறப்பர் தோட்டங்கள். உயர்தரக் கலைப்பிரிவு உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் இந்தப் பக்கத்தில் குறைவு என்பதால் எமது வகுப்புகளில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தமிழ்மொழித் தினப் போட்டி வந்தால் நாடகம் பழக்குவது என் பொறுப்பு. மூன்று வருடங்களுக்கு முன் ஒத்திகை முடிந்த ஒரு பின்னேரம், லயத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எல்லோரும் போகும்வரை நின்றுவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"டீச்சர், எப்பவும் எனக்கு வேலைக்காரன் வேஷந்தானுங்களா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. முதல் வருடம் நான் அவனுக்குக் கொடுத்தது ஹாஜியார் வீட்டில் புல் வெட்டுகிறவன் வேஷம். அடுத்த வருடம் கடையில் மூட்டை தூக்குகிறவன். அந்த வருடம் ஒரு கிழட்டுக் காவல்காரன். 'அவன்ட பேச்சுக்கு அதுதான் பொருந்தும்' என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, பையன் நன்றாகத்தான் நடித்தான். அவன் வாயைத் திறந்ததும் சபை சிரிக்கும், கை தட்டும். அந்தக் கைதட்டலை வைத்தே என் தெரிவு சரி என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கேள்வி மனதில் கிடக்கத்தான் அடுத்த விடுமுறையில் 'தீபன்' திரைப்படத்தை இரண்டாம் தடவை பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது கதை மட்டுமே மனதில் நின்றது. இரண்டாம் தடவை வேறு விடயங்கள் கண்ணில் பட்டன. நடித்தவர் யார், அவருக்கு என்ன வேஷம் கொடுத்தார்கள், அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

எழுத்தாளர் நடிகரான கதை

அன்ரனிதாசன் யேசுதாசன் 1967இல் யாழ்ப்பாணத்தை அடுத்த அல்லைப்பிட்டியில் பிறந்தவர். தமிழ் வாசகர்களுக்கு அவரை ஷோபாசக்தி என்று சொன்னால்தான் தெரியும். பதின்ம வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, சில வருடங்களில் அதைவிட்டு விலகியவர். பின்னர் நாட்டைவிட்டு வெளியேறி, தாய்லாந்தில் இருந்துவிட்டு, 1993இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். பாத்திரம் கழுவுவது, கடையில் சாமான் அடுக்குவது என்று கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே எழுதினார். 'கொரில்லா' 2001இல் வந்தது. 'ம்' 2004இல். அதற்குப் பிறகு வந்த நாவல்களில் 'இச்சா', 'ஸலாம் அலைக்' ஆகியன எமது வாசகர் சிலருக்கும் அறிமுகமானவை.

நடிப்பு பின்னர் வந்தது. லீனா மணிமேகலையின் 'செங்கடல்' (2011) தனுஷ்கோடிக் கரையில் மீனவர்களும் இலங்கை அகதிகளும் படும் பாட்டைச் சொன்ன படம். இந்தியத் தணிக்கைச் சபை முதலில் அதற்கு அனுமதி மறுத்து, மேன்முறையீட்டுக்குப் பிறகுதான் விட்டது. அதன் எழுத்திலும் நடிப்பிலும் அவர் பங்கு கொண்டார். அதன்பின் ஐம்பதை நெருங்கும் வயதில், பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்த 'தீபன்' படத்தின் தலைப்புப் பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. 2015 மே மாதம் கான் திரைப்பட விழாவின் அதியுயர் விருதான தங்கப் பனையை அந்தப் படம் வென்றது. அடுத்த வருடம் பிரான்சின் செசார் விருதுக்குச் சிறந்த நடிகர் பிரிவில் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பெரும்பகுதி தமிழில் பேசும் ஒரு படம், தமிழ் எழுத்தாளர் ஒருவரை நாயகனாக வைத்து அந்த மேடைவரை போனது சிறிய விடயமல்ல.

கதையை ஒருக்கா ஞாபகப்படுத்திக்கொள்வோம். போர் முடிந்த நேரம். தோழர்களின் உடல்களை எரிக்கும் நெருப்பில் தன் சீருடையையும் போட்டு எரிக்கும் ஒரு போராளி, இறந்துபோன ஒருவரின் கடவுச்சீட்டைப் பெறுகிறான். அந்தக் கடவுச்சீட்டில் உள்ள பெயர் தீபன். அந்தக் குடும்பத்தின் மற்ற இரண்டு கடவுச்சீட்டுகளுக்கும் ஆள் வேண்டும். யாழினி என்ற பெண்ணும் (காளீஸ்வரி சீனிவாசன்), தாயற்ற சிறுமி இளையாளும் (குளோடின் வினாசித்தம்பி) சேர்ந்து ஒரு பொய்க் குடும்பம் உருவாகிறது. பிரான்சில் தஞ்சம் கிடைக்கிறது. நகருக்கு வெளியே ஒரு தொடர்மாடிக் குடியிருப்பில் தீபனுக்குப் பராமரிப்பாளர் வேலை. அங்கே போதைப்பொருள் கும்பலொன்று ஆட்சி செய்கிறது. விட்டுவந்த போர் அங்கேயும் அவனைப் பிடித்துக்கொள்கிறது.

'தன்னைத்தானே நடித்தார்'

படம் வந்தபோது பலரும் சொன்ன பாராட்டு ஒன்றுதான்: அவர் நடிக்கவில்லை, வாழ்ந்தார். தன் வாழ்வில் பாதி இந்தப் படத்தில் இருக்கிறது என்று அவரும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால், மற்றப் பாதி?

தீபன் என்ற பாத்திரம் 2009வரை ஆயுதம் ஏந்தியவன். மனைவியையும் பிள்ளைகளையும் போரில் இழந்தவன். நடிகரோ அதற்கு இருபது வருடங்களுக்கு மேல் முந்தியே இயக்கத்திலிருந்து விலகி, பின் அதைக் கடுமையாக விமர்சித்து எழுதியவர். சொற்களோடு வாழும் மனிதர் அவர். தீபனோ சொல் வராத மனிதன். இரண்டு பேருக்கும் இடையில் உள்ள தூரம் பெரியது. அதைக் கடந்து போவதற்குப் பெயர்தான் நடிப்பு.

சில காட்சிகளைப் பார்ப்போம். இரவு நேரப் பாரிஸ் தெருவில் மின்னி மின்னி எரியும் விளையாட்டுச் சாமான்களைத் தலையில் மாட்டிக்கொண்டு விற்கிறான். இருட்டில் முதலில் வெளிச்சம்தான் தெரிகிறது, பிறகுதான் முகம். அந்த முகத்தில் தன்னிரக்கம் கிடையாது. அடுத்து, தஞ்சக் கோரிக்கை விசாரணை. பாடமாக்கி வந்த கதையை அவன் ஒப்புவிக்கிறான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இடையில் மறித்து, இந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள் என்று எச்சரிக்கிறார். அங்கே நடிகர் செய்வது கவனிக்கத்தக்கது. பொய் சொல்லும் மனிதனாக நடிப்பது எளிது. சரியாகப் பொய் சொல்லத் தெரியாத மனிதனாக நடிப்பது கடினம். அவர் இரண்டாவதைச் செய்கிறார். இன்னொரு காட்சியில், தனியே குடித்துவிட்டுப் பழைய நாட்களின் பாட்டொன்றைத் தொண்டை கிழியப் பாடுகிறான். எரித்துவிட்டதாக நினைத்த சீருடை அவன் குரலில் திரும்பி வருகிறது. பார்ப்பவருக்குப் பரிதாபமும் பயமும் ஒன்றாக வரும்.

குடியிருப்பின் நடுவே வெள்ளைக் கோடு போட்டு, இது சூடு நடத்தக்கூடாத வலயம் என்று அவன் அறிவிக்கும் காட்சியும் அப்படியே. 2009இல் வன்னியில் அந்தப் பெயரை வைத்து என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கோடு வெறும் சுண்ணாம்பு அல்ல. விளக்கம் ஏதும் சொல்லாமல், முதுகை வளைத்துக் கோடு இழுக்கும் உடம்பாலேயே அவர் அதைச் சொல்லிவிடுகிறார்.

இவற்றையெல்லாம் 'தன்னைத்தானே நடித்தார்' என்ற ஒரு வரியில் அடைத்துவிட்டால், அந்த மனிதரிடமிருந்து அவருடைய தொழிலைப் பறித்துவிடுகிறோம். குடிபெயர்ந்து வந்த நடிகனுக்கு இந்தப் பாராட்டு ஒரு பூட்டு மாதிரி. அவன் அகதி, ஆகவே அகதியாகத்தான் நடிப்பான். நன்றாக நடித்தால் அது அவன் திறமையல்ல, அவன் தலைவிதி. 'அவன்ட பேச்சுக்கு அதுதான் பொருந்தும்' என்று நான் சொன்னதும் இதுதான் என்று அந்த இரண்டாம் தடவையில் எனக்கு விளங்கியது.

பக்கத்து வீட்டு ஹபீப்

இனி, முஸ்லிம் வாசகராகப் பார்க்கும்போது தெரிகிற விடயத்துக்கு வருகிறேன்.

இந்தப் படத்துக்குத் தூண்டுகோலாக இருந்த நூல்களில் ஒன்று மொந்தெஸ்கியூவின் 'பாரசீகக் கடிதங்கள்' என்று ஓடியார் சொல்லியிருக்கிறார். 1721இல் வெளிவந்த நூல் அது. உஸ்பெக், ரிக்கா என்ற இரண்டு பாரசீகர் பாரிசுக்கு வந்து, அங்குள்ள மன்னரையும் மதகுருமாரையும் நாகரிகத்தையும் பார்த்து வியந்து ஊருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் தம்மைத் தாமே பார்ப்பதற்கு அன்று இரண்டு முஸ்லிம்களின் கண்களைக் கடன் வாங்கினார்கள். சுமார் முந்நூறு வருடங்களுக்குப் பிறகு ஓடியார் அதே வேலைக்கு ஒரு தமிழனின் கண்களை எடுத்துக்கொண்டார். நல்லது. ஆனால் அன்று பார்ப்பவனாக இருந்த முஸ்லிம் இன்று எங்கே இருக்கிறான் என்று தேடினால், பார்க்கப்படும் பக்கத்தில் இருக்கிறான்.

குடியிருப்பில் யாழினி சமைக்கவும் கவனிக்கவும் போகும் வீடு ஹபீப் என்ற நோயாளி முதியவருடையது. அவர் ஏறக்குறையப் பேச்சற்று அமர்ந்திருக்கிறார். அதே வீட்டிலிருந்துதான் கும்பலின் தலைவன் ப்ராஹிம் காரியம் நடத்துகிறான். சிறையிலிருந்து வந்தவன். காலில் கண்காணிப்பு வளையம். இப்ராஹீம் என்ற பெயர்தான் பிரெஞ்சு வாயில் ப்ராஹிம் ஆகியிருக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு பெயர்கள்: ஒருவருக்குப் பேச்சில்லை, மற்றவருக்குத் துப்பாக்கி இருக்கிறது. இவர்களுடைய பெற்றோர் எங்கிருந்து வந்தார்கள், எந்தத் தொழிற்சாலையில் உழைத்தார்கள், ஏன் இந்தக் கட்டடங்களில் ஒதுக்கப்பட்டார்கள் என்று படம் கேட்பதில்லை. பிரான்சின் வாகனத் தொழிற்சாலைகளையும் கட்டடங்களையும் வட ஆபிரிக்கக் கூலியாட்களின் உழைப்பு எந்தளவுக்குத் தாங்கியது என்பது எவரும் அறிந்த வரலாறு. தீபனுக்கு முன்னால் அதே வாசலால் நுழைந்த குடியேறிகள் அவர்கள்.

ஹபீபாக நடித்தவர் ஃபவ்ஸி பென்சைதி. மொரோக்கோவின் முக்கியமான இயக்குநர்களில் ஒருவர். 2003இல் அவர் எடுத்த முதல் முழுநீளப் படம் 'ஆயிரம் மாதங்கள்'. 1981ஆம் ஆண்டு ரமழானில், தந்தை சிறையில் இருப்பதை அறியாத ஒரு சிறுவனின் கதை. தலைப்பு சூரத்துல் கத்ரிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை எமது வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. கான் விழாவில் பரிசு பெற்ற படம் அது. ஒரு கிராமத்தின் நோன்பையும் பசியையும் பயத்தையும் திரையில் பேசவைத்த ஒரு கலைஞர், 'தீபன்' படத்தில் வாய்திறக்காத முதியவராக ஒரு கதிரையில் அமர்ந்திருக்கிறார்.

ஓடியார் முஸ்லிம்களை வெறுக்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அரபு இளைஞன் ஒருவனை நாயகனாக வைத்து 2009இல் 'அன் ப்ரொஃபெத்' என்ற சிறைக்கதையை எடுத்தவர் அவர். 'தீபன்' படத்திலும் ப்ராஹிமும் யாழினியும் ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாமல் பேசிக்கொண்டிருக்கும் காட்சியில் ஒரு மனிதத் தன்மை எட்டிப் பார்க்கிறது. என் குறை வேறு. தமிழ் அகதிக்கு முழுமையான முகம் கொடுப்பதற்காகப் பக்கத்து வீட்டுக் குடியேறியின் முகம் அழிக்கப்பட்டிருக்கிறது. இறுதியில் தீபன் கத்தியும் கையுமாகப் புகைமண்டலத்துக்குள் நுழைந்து யாழினியை மீட்கும்போது பார்ப்பவர் மனம் அவன் பக்கம் நிற்கிறது. விழுகிறவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுவதில்லை. அவர்களுக்கு அதுவரை முகம் இருந்தால்தானே. அதற்குப் பிறகு இங்கிலாந்து, பச்சைப் புல், கையில் குழந்தை. நல்ல குடியேறி தப்பிவிட்டான். மற்றவர்கள் அந்தக் கட்டடத்திலேயே கிடக்கிறார்கள்.

தமிழ் சினிமாவில் இது எங்களுக்குப் பழகிய கதைதான். கசாப்புக் கடை, தொப்பி, பிறகு வெடிகுண்டு. 2013இல் 'விஸ்வரூபம்' வந்தபோது நடந்த வாதப் பிரதிவாதங்களை நாம் மறக்கவில்லை. அப்போது தடை கேட்டுக் குரல் கொடுத்தோம். தடை கேட்பதைவிடப் படத்தை உட்கார்ந்து வாசித்து எங்கே பிழை என்று சொல்வது பயனுள்ளது என்பது என் கருத்து.

அந்தச் சீருடை

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படத்தின் தொடக்கத்தில் எரியும் சீருடையைப் பார்க்கும்போது எமக்கு 1990 ஒக்டோபர் ஞாபகம் வராமல் இருக்காது. வடபுல முஸ்லிம்களை வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேற்றியது அந்தச் சீருடைதான். புத்தளம் முகாம்களில் பிறந்து வளர்ந்த ஒருவருடன் ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் ஒரே அறையில் இருந்தேன். வாப்பாவின் கடைச் சாவியை அவருடைய உம்மா இன்னும் வைத்திருப்பதாகச் சொல்வார். அந்தச் சாவி 'தீபன்' படத்தில் எங்கும் இல்லை. போர் என்றால் அரசும் புலிகளும் மட்டுந்தான் என்ற கணக்கோடு படம் முடிந்துவிடுகிறது.

இதற்கு நடிகரைக் குறை சொல்வது நியாயமாகாது. வெளியேற்றம் நடப்பதற்கு முன்னரே அவர் இயக்கத்தைவிட்டுப் போய்விட்டார். எழுத்தாளராக, தன் சமூகத்துக்குள் இருந்துகொண்டே தன் சமூகத்தின் வன்முறையைக் கேள்வி கேட்டவர். அதற்கான ஏச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். நான் சொல்ல விரும்புவது, எழுத்தாளர் ஷோபாசக்திக்கு இருக்கும் சுதந்திரம் நடிகர் அன்ரனிதாசனுக்குக் கிடைக்கவில்லை என்பதைத்தான். எழுதும்போது அவர் யாராகவும் ஆகலாம். பெண்ணாக, சிறுவனாக, கைதியாக, சிங்களவராக, முஸ்லிமாக. கமராவுக்கு முன்னால் வந்ததும் கடவுச்சீட்டைப் பார்த்துத்தான் வேஷம் கொடுக்கிறார்கள்.

மேடையிலும் அதே கதவு

திரையில்தான் இப்படி, மேடையில் வேறு என்று சொல்லலாமா? 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் 'கவுன்ட்டிங் அண்ட் கிராக்கிங்' என்ற நாடகம் மேடையேறியது. எழுதியவர் எஸ். சக்திதரன், நெறியாள்கை ஏமன் ஃபிளாக். ஒரு கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறைகளை, 1956இன் மொழிச் சட்டத்திலிருந்து 1983 ஜூலை வழியாக 2004இன் சிட்னிவரை மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் சொல்லும் நாடகம். தலைகளை எண்ணுவது, தலைகளை உடைப்பது என்ற இரண்டையும் சேர்த்துத்தான் தலைப்பு. பின்னர் எடின்பரோ, பர்மிங்ஹாம், நியூயோர்க்வரை போனது. அன்ரனிதாசன் அதில் திரு என்ற பாத்திரம். இறந்துவிட்டதாக மனைவி நம்பியிருந்த கணவன், நீண்ட சிறைவாழ்வுக்குப் பிறகு படகேறி அவுஸ்திரேலியக் கரைக்கு வந்து தடுப்பு முகாமில் இருக்கிறான்.

நான் மேடையில் பார்க்கவில்லை. உறவினர் ஒருவர் கொண்டுவந்த பிரதியை வாசித்தேன். ஆகவே நடிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை, பாத்திரத்தைப் பற்றிச் சொல்லலாம். இந்த நாடகம் 'தீபன்' படத்தைவிட ஒரு படி மேலே நிற்கிறது. ஆங்கிலம், தமிழ், சிங்களம் என்று பல மொழிகள் மேடையில் புழங்குகின்றன. சிங்களவருக்கும் முகம் இருக்கிறது. சிட்னி வீட்டுக்கு வந்துபோகிற வேறு சமூகத்தவருக்கும் முகம் இருக்கிறது. ஒருவரை மனிதராக்க இன்னொருவரை நிழலாக்கவில்லை. காரணம் எளிது: எழுதியவரே அந்தக் குடியேறிகளின் பிள்ளை. இருந்தும் எங்கட நடிகருக்குக் கிடைத்தது மறுபடியும் படகு, மறுபடியும் முகாம். நல்ல நாடகத்திலும் அவருக்கு அதே கதவுதான் திறந்தது.

பிரித்தானிய நடிகர் ரிஸ் அஹ்மத் இதைப் பற்றி 2016இல் ஒரு கட்டுரை எழுதினார். 'த குட் இமிக்ரன்ட்' என்ற தொகுப்பில் உள்ளது. எம்மைப் போன்றோருக்குக் கிடைக்கும் வேஷங்களை அவர் மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறார். முதலாவது, தட்டையான அச்சு: பயங்கரவாதி, வாடகைக்கார் ஓட்டுநர், மூலைக்கடைக்காரர். இரண்டாவது, அதே களத்தில் நின்றபடி அந்த அச்சை உடைக்கும் வேஷம். மூன்றாவது, இனமும் மதமும் கதைக்குக் காரணமாகாத, வெறும் மனிதனின் வேஷம். 'சவுண்ட் ஒஃப் மெட்டல்' படத்தில் கேட்கும் திறனை இழக்கும் ஒரு மேளக் கலைஞனாக அவர் நடித்தது இந்த மூன்றாம் கட்டம். அதற்காக 2021இல் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் பரிந்துரை பெற்றார். அந்தப் பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் முஸ்லிம் என்று உலகமே எழுதியது. மதம் இல்லாத வேஷத்துக்குக் கிடைத்த பெருமையையும் மதத்தைச் சொல்லித்தான் எழுதினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த அளவுகோலில் அன்ரனிதாசனின் பயணம் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில் நிற்கிறது. அகதி என்ற அச்சை அவர் உடைத்தார், ஆனால் அந்தக் களத்தைவிட்டு வெளியே வர அவருக்கு அதிகம் இடம் கொடுக்கப்படவில்லை. லெனின் எம். சிவம் கனடாவில் எடுத்த 'ரூபா'வில் அவருக்குக் குடும்பஸ்தர் ஒருவரின் வேஷம். தஞ்சக் கோரிக்கையோ துப்பாக்கியோ இல்லாத, ஆசைக்கும் கடமைக்கும் நடுவில் தத்தளிக்கிற நடுவயது மனிதர். படத்தின் பொருளோடு எமது வாசகர் பலர் உடன்படமாட்டார்கள். நான் சொல்வது வேஷத்தைப் பற்றி மட்டுந்தான். அந்தக் கதை அவருடையது, இயக்கியவர் தமிழர். அந்நியர் திறக்காத கதவை அங்கே தன் ஆட்கள் திறந்திருக்கிறார்கள். மூன்றாம் கட்டத்துக்கு வழி அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன்.

இங்கே, எங்கட மேடையில்

பாரிசையும் சிட்னியையும் குறை சொல்வது இலகு. எங்கட பக்கத்தைப் பார்ப்போம்.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களும் கொழுந்து பறிக்கிறவர்களும் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருடக் கணக்குச் சொல்கிறார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கும் இடையில் பங்கு பிரித்தது. 2003இன் சட்டத்தோடுதான் அந்தக் கணக்கு ஒருவாறு முடிந்தது. இன்றும் அவர்களை 'வந்தவர்கள்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்களையும் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் எனக்குப் பக்கத்து ஆசனம் வெறுமையாகவே போன நாட்கள் உண்டு. அந்த நாட்களில் ஒரு தோட்டத்து அம்மா மட்டும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "நகருங்க டீச்சர்" என்று சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அந்த அம்மாவுக்கு எங்கட கதைகளில், எங்கட நாடகங்களில் என்ன இடம்? இந்தப் பகுதி முஸ்லிம் எழுத்தில் நான் வாசித்தவரையில் தோட்டத்து மனிதர்கள் கடைக்குக் கடனுக்கு வருகிறார்கள், வீட்டு வேலைக்கு வருகிறார்கள், குடித்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் பேசும் தமிழ் சிரிப்புக்காக வருகிறது. அந்தப் பக்கத்துக் கதைகளிலும் நாங்கள் பெரும்பாலும் தராசுக்குப் பின்னால் நிற்கும் கடைக்கார நானா மட்டுந்தான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு சமூகங்கள் ஒருவரையொருவர் ஹபீபாக்கி வைத்திருக்கிறோம். விதிவிலக்குகள் உண்டு, அவை விதிவிலக்குகளாகவே இருக்கின்றன.

'தீபன்' படத்தில் ஓடியார் செய்த பிழையை நான் ஒரு பாடசாலை மேடையில் மூன்று வருடம் செய்தேன். என் நாடகங்களில் ஹாஜியாருக்கு மனச்சாட்சி இருந்தது, அவருடைய மகளுக்குக் கனவு இருந்தது, புல் வெட்டுகிறவனுக்குக் கத்தி மட்டும் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு தங்கப் பனைப் படமும் ஒரு பதினேழு வயதுப் பையனும் தேவைப்பட்டார்கள்.

அடுத்த வருடம் அவனுக்கு அதிபர் வேஷம் கொடுத்தேன். பாடசாலையை மூடவிடாமல் ஊரோடு வாதாடும் ஓர் அதிபர். முதல் ஒத்திகையில் அவன் எங்கட பேச்சைப் பேச முயன்று தடுமாறினான். "மகன், உங்கட வீட்டில பேசுற மாதிரியே பேசுங்க, அதிபர்மார் அப்படியும் பேசுவாங்க" என்று சொன்னேன். சபையில் இருந்த சிலர் பழக்கதோசத்தில் அவன் வாய்திறந்ததும் சிரித்தார்கள். இரண்டாம் காட்சியில் சிரிப்பு நின்றுவிட்டது. வலய மட்டத்தில் எமக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. பாத்திரத்துக்கும் பேச்சு வழக்குக்கும் பொருத்தமில்லை என்று நடுவர் ஒருவர் புள்ளித்தாளில் குறித்திருந்தார்.

பையன் உயர்தரம் முடித்துவிட்டு இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். போன மாதம் ஊருக்கு வந்தபோது பாடசாலைக்கும் வந்தான். 'தீபன்' படத்தை அவனுக்குக் கொடுத்திருந்தேன், பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்ததாகச் சொன்னான். எப்படி என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தத் தாத்தா கடைசி வரைக்கும் ஒன்னும் பேசலீங்களே டீச்சர்" என்றான்.